வெந்த கைக்கு நீல மை

எண்பதுகளில் நல்லம்பள்ளியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கல்யாணம் ஆகாதவன், பம்ப் ஸ்டவ்வில் நானே சமைப்பேன். ஒரு ஞாயிறு காலை அடைப்பெடுக்கப் பின்னைக் குத்தினேன். குப்பென்று பற்றிக்கொண்டு வலது கையில் முழங்கை வரை நெருப்பு ஏறியது. ஈரத்துண்டைச் சுற்றி அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். நான் செய்த தவறு அதுதான். தெரு முழுக்க வைத்தியர்கள்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மனைவி. தன் வாசல் தொட்டியருகே என்னை உட்காரவைத்துச் சொம்பு சொம்பாகக் கையில் தண்ணீர் ஊற்றினார். எரிச்சல் அடங்கத் தொடங்கியது. அது ஊருக்குப் பொறுக்கவில்லை.

தண்ணீர் பட்டால் கொப்பளித்துவிடும் என்று அவரை விலக்கியவர் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர். மளிகைக்கடை வைத்திருந்தார், மருத்துவப் படிப்பும் அங்கேதான்.

"வாத்தியார் வூட்டுல மைக்கா பஞ்சம்? எடுத்தாங்க" என்றார்.

என் மேஜையிலிருந்த நீல மைப் புட்டி அப்படியே கையில் கவிழ்ந்தது. எதிர்வீட்டு அம்மா இட்லி மாவோடு வந்தார். மை முந்திக்கொண்டதில் அவருக்கு வருத்தம். அதனால் மேலேயே பூசிவிட்டார். மூன்றாவதாகப் பற்பசை. தருமபுரி பஸ்ஸில் கண்டக்டர் தேன் சிபாரிசு செய்தார். நல்லவேளை, அவரிடம் டிக்கெட் மட்டுமே இருந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கைங்களா, தோசைக்கல்லுங்களா?"

பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தார். நெருப்பு நொடியில் முடித்த வேலையைப் பஞ்சு அரைமணி நேரம் செய்தது. காய்ந்த மாவு தோலோடு வந்தது. நான் கத்திய கத்தலில், கூட வந்திருந்த வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பியபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

நர்ஸ் அவரிடம்தான் சொன்னார்: "சுட்டா தண்ணி ஊத்துங்க. சுத்தமான துணியில மூடிக் கூட்டியாங்க. அவ்வளவுதாங்க உங்க வேலை."

கை ஆற இரண்டு மாதமாயிற்று. அதுவரை கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். பிள்ளைகள் அதையும் படித்தார்கள். வலது கை எழுத்தைவிடத் தேவலாம் என்றார்கள்.

கட்டு பிரித்த அன்று தையல்காரர் மனைவியிடம் நன்றி சொல்லப் போனேன். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு இன்னமும் தெருவில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வைத்தியம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"இஸ்திரிப் பொட்டி எங்களுக்குத் தெனமும் சுடுதுங்க சார்" என்றார். "தெனமும் மை வாங்க முடியுங்களா?"