புகார் சொல்றதுதான் எனக்கு வேலை

போலீசுகிட்ட பொய்ப் புகார் சொல்லி, அதுக்குக் கூலியும் வாங்குற வேலை என்னோடது. கள்ளக்குறிச்சியில போலீஸ்காரங்களுக்கு ஒரு பயிற்சி நடக்குது. ஒரே தகராறு திரும்பத் திரும்ப வந்தா, ஆளை மிரட்டி அனுப்பாம, அது ஏன் வருதுன்னு விசாரிச்சு அடியோட தீர்க்கணுமாம். அதைப் பழகிப் பார்க்க ஒரு புகார்க்காரி வேணுமில்லையா, அது நான். ஸ்டேஷன் போர்டைப் பார்த்தாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடக்குற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

எனக்குன்னு ஒரு நெசப் புகாரும் இருந்துச்சு. எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சா மக்காச்சோளத்தை ரோட்டுலதான் காயப்போடுவோம். போன அறுப்புல என் வூட்டுக்காரரோட பைக்கு அதுல வழுக்கி, முன்னாடி உக்காந்திருந்த பெரிய பொண்ணுக்கு நெத்தியில தையல். இப்ப அது ஒண்ணாவது படிக்குது, தினமும் அதே ரோட்டுல அப்பாகூட பள்ளிக்கூடம் போவுது. அடுத்த அறுப்பும் வந்தாச்சு. ஆனா யார்மேல புகார் குடுக்குறது? சோளம் நிலத்துக்காரம்மாவோடது. அதை ரோட்டுல பரப்பிக் காலால கிளறி விடுற கூலியாளு நான்.

காய் நறுக்கப் போன எடம்

பயிற்சி நடக்குற மண்டபத்துக்கு மொதல்ல நான் காய் நறுக்கத்தான் போனேன். புகார்க்காரியா நடிக்க வேண்டிய பொம்பள அன்னிக்கு வரல. பாடம் நடத்துற மேடம் சமையல்கட்டுல எட்டிப் பார்த்தாங்க. இடுப்புல சின்னக் கொழந்தையோட, தலையக் குனிஞ்சு கத்திரிக்காய் நறுக்கிக்கினு இருந்த என்னையே கை காட்டினாங்க.

"எனக்குப் பேசவே வராதுங்க"ன்னேன். "அதான் வேணும். நெசமா ஸ்டேஷனுக்கு வர்றவங்களுக்கு மட்டும் பேச்சு வந்துடுதா?"ன்னு கையப் புடிச்சு எழுப்பிட்டாங்க. நாலு பேரு பார்க்க நான் மேடம் பின்னாடி போறதப் பார்த்து சமையக்கார அக்கா சொன்னது: "ஏய், போலீஸ் கூட்டிக்கினு போச்சுன்னு மட்டும் வூட்ல சொல்லிடாதடி. ஒன் மாமியா இன்னா ஏதுன்னு கேக்காது, நம்பிடும்."

ஏட்டய்யாவோட பழக்கம்

மொதப் புகார், பக்கத்து வூட்டுக் கோழி என் கீரைப் பாத்தியக் கிளறிடுச்சுன்னு. எதிர்ல மீசை வச்ச ஏட்டய்யா ஒருத்தர். பதமாப் பேசணும், உக்காரச் சொல்லணும், தண்ணி குடுக்கணும்னு மேடம் அப்பதான் சொல்லி முடிச்சிருந்தாங்க. அவரும் தலையாட்டினாரு. நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள, "இன்னாம்மா, காலங்காத்தால!"ன்னு ஒரு அதட்டல். பல வருஷப் பழக்கம், தானா வந்துடுச்சு.

என் இடுப்புல இருந்தது வீல்னு கத்த ஆரம்பிச்சுது. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. பின்வரிசைல எல்லாரும் 'நல்லா நடிக்குது'ன்னு கை தட்டறாங்க. ஏட்டய்யா மட்டும் மொகம் செத்துப்போயி மேடத்தைக் கேட்டாரு: "மேடம், அழுவுறது பாடத்துல உள்ளதா, என்னாலயா? என்னாலன்னா நான் வெளிய போய் நின்னுக்கறேன்."

இல்லாத ஆடு

ஒரு தடவ பயிற்சிய கல்வராயன் மலை மேல வச்சாங்க. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கினே போய்ச் சேர்ந்தேன். அன்னிக்கு என் புகார், எதிர்க்கொல்லைக்காரர் ஆடு என் மரவள்ளியத் தின்னுடுச்சுன்னு. ஊர்க்காரங்களும் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. "ஆடு தின்னத யாரு பார்த்தது?"ன்னு போலீசு கேட்டதும் நான் மேடத்தத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போ கூட்டத்துல இருந்து ஒரு மலைக்காரப் பொம்பள முன்னாடி வந்து, "நான் பார்த்தேன், கறுப்பு ஆடு, ஒரு கொம்பு ஒடிஞ்சது"ன்னு கணீர்னு சொல்லிடுச்சு. மேடம் சிரிச்சுக்கினே, இது சும்மா நடிப்பும்மா, ஆடே கெடையாதுன்னு வெளக்கினாங்க. அந்தம்மா அசரல: "ஆடு இல்லன்னு எனக்கும் தெரியும். அதுக்காவ அந்தப் பொண்ணு ஒண்டியா நிக்கணுமா?"

நெசத்த நடிச்ச நாள்

மலையில இருந்து எறங்கி வந்த பிறகும் அந்தப் பேச்சு காதுலயே இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு மேடம், "இன்னைக்குப் புகாரை நீயே சொல்லு"ன்னாங்க. ஊர் பேர மட்டும் மாத்தி, ரோட்டுச் சோளத்த அவுத்து விட்டேன். நிலத்துக்காரம்மா காதுக்குப் போனா எனக்கு அடுத்த நாள் வேலை கெடையாது.

ஒரு சின்ன வயசு எஸ்.ஐ. எழுந்து, "யார் காயப்போட்டது? பேரச் சொல்லுங்க, தூக்கிடலாம்"னாரு. "நான்தாங்க"ன்னு வாயில வந்துடுச்சு. மண்டபமே சிரிச்சுது. "தூக்கிட்டா அடுத்த வருஷம் சோளம் காய வேணாமா?"ன்னு மேடம் கேட்டாங்க. எஸ்.ஐ. தலையச் சொறிஞ்சு யோசிச்சாரு. அப்புறம் மெதுவா, "ஏம்மா, ஒங்க ஊர்ல களம் இல்லியா?"

"சிமெண்டுக் களம் பெருசா இருக்குதுங்க."

"அங்க ஏன் காயப்போடல?"

கொழந்தையப் பார்த்தேன், தரையப் பார்த்தேன். "அங்க போலீசு புடிச்சாந்த வண்டிங்க நிக்குதுங்க. பைக்குங்க, மணல் டிராக்டருங்க, கொடி படர்ந்த லாரி ஒண்ணு. எடுக்கச் சொல்லிக் கேக்க எல்லாருக்கும் பயங்க."

ஊர் பேர மாத்தி இன்னா புண்ணியம், பின்வரிசைல இருந்து அதே ஏட்டய்யா எழுந்தாரு: "மேடம், அந்த லாரி எங்க ஸ்டேஷனுதுங்க. எடம் பத்தலன்னு நான்தான் அங்க வுடச் சொன்னேன்."

ஏட்டய்யா நடிச்ச நாள்

ஒரு வாரத்துல களத்துல இருந்த வண்டிங்கள ஒண்ணொண்ணாக் கட்டி இழுத்துக்கினு போனாங்க. லாரி மட்டும் கோர்ட்டு உத்தரவு வரணும்னு ஓரமா ஒதுங்கிச்சு. மிச்ச எடத்துல சோளம் கொட்டினோம். ரோடு வெறுமனே கெடந்துச்சு. அதுல என் பொண்ணு அப்பா பின்னாடி உக்காந்து, எனக்குக் கை ஆட்டிக்கினே போச்சு.

அன்னிக்கு ஏட்டய்யா பார்வையிட வந்தாரு. நிலத்துக்காரம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. நான் முந்தானைய இழுத்து மூடிக்கினு சோளத்தக் கிளறினேன். அவரு என்னைப் பார்த்தாரு, வானத்தப் பார்த்தாரு, யாரும் கேக்காமலே சத்தமா, "இந்தப் பொண்ண நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லம்மா"ன்னாரு. எனக்கு உசுரே போயிடுச்சு.

அவரு வண்டி ஏறிப் போனாரு. அப்புறம் நிலத்துக்காரம்மா ஒரு பிடி சோளத்த அள்ளி, காஞ்சிடுச்சான்னு பல்லுல கடிச்சுப் பார்த்துக்கினே, என் பக்கம் திரும்பாம சொன்னாங்க: "இந்தக் களத்துக்காவ நானே போலீசுகிட்ட நடையா நடந்து அலுத்தவ. போவட்டும், அந்தாளுக்கு நடிப்பு சுத்தமா வரலடி. நீயாவது அங்க மண்டபத்துல ஒழுங்கா நடிக்கிறியா?"

ஆகமொத்தம், போலீசுகிட்ட பொய் சொன்னா கூலி கெடைக்குது, நெசம் சொன்னா களம் கெடைக்குது, ஆனா ஸ்டேஷன் போர்டைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடக்குறத மட்டும் நான் இன்னும் வுடல.