தாடிமுடி ஜிக்

வார்டீன் ஸ்டெகால் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் இரண்டரை வரை வேலையில்லை. ரீல்ஃபுட் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் ஒரு குட்டி இடுக்கியை மாட்டி, அதில் ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளைச் செருகி, முடியும் நூலும் சுற்றி ஜிக் கட்டுவாள். தண்ணீரில் விட்டால் அது மீன்குஞ்சு போலத் துடிக்கும். கிராப்பி மீன் ஏமாந்து வாய் வைக்கும். கணவன் இறந்த வருடம், கை சும்மா இருந்தாலே அழுகை வருகிறது என்று தொடங்கிய பழக்கம். மான்வால், கோழி இறகு, பாட்டுக்குழுத் தோழியின் பழைய சவுரி என்று எதையும் அவள் விட்டதில்லை.

தங்கை ஜோரெட்டாவின் கணவன் டாயிலுக்கு இதெல்லாம் கேலி. அவனிடம் புதுப் படகு, மீன் நிற்குமிடத்தைக் காட்டும் திரை, பெட்டி நிறையக் கடை ரப்பர் ஜிக்குகள். நெஞ்சுவரை செம்பட்டைத் தாடி. அதற்கென்று சட்டைப்பையில் தனிச் சீப்பு.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வார்டீனும் டாயிலும் அவன் படகில் போனார்கள். இரண்டு நாள் மழையில் ஏரி கலங்கிக் கிடந்தது. திரையில் மீன்கள் கூட்டமாகத் தெரிந்தன. ரப்பரை ஒன்றுகூடச் சீண்டவில்லை. வார்டீனோ செம்பட்டை அணில்வால் ஜிக்கில் ஒன்பது மீன் பிடித்துவிட்டாள். பத்தாவதற்குப் போட்டபோது அது மரவேரில் சிக்கி அறுந்தது. அந்த நிறத்தில் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். கறுப்பு, வெள்ளை, பச்சை எல்லாம் போட்டுப் பார்த்தாள். எதையும் மீன் சட்டை செய்யவில்லை. பெட்டியிலிருந்து நிமிர்ந்தவள் கண் டாயிலின் மோவாயில் நின்றது.

"டாயில், கொஞ்சம் அசையாம உக்காரு."

"எதுக்குக்கா கத்திரிய எடுக்குறீங்க?"

"நிறம் அச்சு அசலா இருக்கு. ஒரு சிட்டிகை போதும்."

"விளையாடாதீங்க. ஏழு வருஷமா வளக்குறேன்."

"ஏழு வருஷமா நாங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். ஒரு நாளாவது அது வேலைக்கு ஆகட்டுமே."

டாயில் திரையைப் பார்த்தான். கீழே அவ்வளவு மீன். கண்ணை மூடிக்கொண்டு மோவாயை நீட்டினான்.

அவள் கட்டி முடிக்க மூன்று நிமிடம். போட்டதும் கோல் வளைந்தது. அடுத்த முறை கோலை அவனே பிடுங்கிப் போட்டான்; உள்ளங்கையில் அடங்காத கிராப்பி ஒன்று வந்தது. அதற்குப் பிறகு, "அக்கா, எனக்குத் தனியா ஒண்ணு கட்டிக் குடுங்க" என்று அவனே கன்னத்தைக் காட்டினான். ஜிக்குகள் வேரில் அறுந்துபோக அறுந்துபோகத் தாடியும் குறைந்தது.

மாலையில் மீன் பொரிக்க எண்ணெயைக் காயவைத்து, சோளமாவில் உப்பு கலந்துகொண்டிருந்த ஜோரெட்டா, வாசலில் நின்ற புருஷனைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாண ஃபோட்டோவுல இருந்த ஆளு பாதி திரும்பி வந்திருக்காரே. மீதி எப்ப வரும்?"

மீதி வியாழக்கிழமை வந்தது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, ரொட்டிப் பையில் மிச்சத் தாடியை எடுத்துக்கொண்டு, டாயில் ஏரிக்கரையில் நின்ற பேருந்தில் ஏறினான். தானும் கட்டப் பழக வேண்டுமாம். தடித்த விரல்களால் அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஒன்றைக் கட்டி நீட்டினான்.

வார்டீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதப் பாத்தா மீன் சிரிக்கும்டா."

"சிரிச்சா வாயத் தொறக்கும்ல," என்றான் டாயில்.