மூட்டையின் அறுநூறு குதிரைகள்

ஒல்லிக்குச்சி உடம்பு அவருக்கு. கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இவருக்குப் போய் 'மூட்டை' என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் குழம்புவார்கள். முழுப் பேர் புளுகுமூட்டை. அவர் மனைவியின் முகத்துக்காக முன்பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கூப்பிடுகிற அளவுக்கு அந்தத் தெருவில் நாகரிகம் இருந்தது.

தொழில் ஏசி மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. வாய்தான் கேடு. அவர் கேஸ் ஏற்றிவிட்டு வந்த வீட்டில் மீன்தொட்டி உறைந்து, மீனெல்லாம் கண்ணாடிக்குள் ஒட்டிக்கொண்டு நின்றதாம். எட்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு மறுகையால் ஒரு யூனிட்டையே கழற்றினாராம். எத்தனை மாடி என்று அடுத்த வாரம் கேட்டால் பன்னிரண்டு என்பார். கட்டடம் அதற்குள் வளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

இந்த மனிதரிடம் ஏணியும் கம்ப்ரசரும் ஏற்றிப்போக ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. சும்மா இருக்குமா கை? அதற்கு ஒரு சூப்பர்சார்ஜரை வாங்கி, ஓய்வு நாளெல்லாம் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து மாட்டிவிட்டார். அது வேறொன்றுமில்லை, பெல்ட்டில் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற ஒரு பம்ப். காற்று கூடினால் எரிகிற எண்ணெய் கூடும், எண்ணெய் கூடினால் வண்டி பறக்கும். அது உட்கார இடம் போதவில்லை என்று வண்டியின் ஏசியைக் கழற்றி எறிந்தார். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவர் வண்டிக்குள் வெந்துகொண்டே போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. அறுநூறு ஹார்ஸ் பவர்! தெரியுமா?" என்றார் மூட்டை.

யார் அளந்தது? யாரும் அளக்கவில்லை. அறுநூறு என்று சொல்ல வாய்க்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், ஒரு டயர்க் கடை வைத்திருந்தார். மூட்டையைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது. ஒருநாள் சகலை வீட்டில் விருந்து. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். மூட்டை அறுநூறை எடுத்துவிட்டார்.

"அறுநூறா? அண்ணே, அதுல ஒரு சைபரைக் கொறைச்சுக்கங்க, நம்புறேன்" என்றார் சகலை.

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டையும் சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தார். அப்போது அவர் மனைவி, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை டங்கென்று வைத்தாள்.

"ஏன் தம்பி, எப்பப் பார்த்தாலும் இவரையே இளிச்சவாயனாக்குறீங்க? மத்ததுல எப்படியோ, வண்டி விஷயத்துல இவர் பொய் சொல்லமாட்டார். அறுநூறுன்னா அறுநூறுதான். வேணும்னா அளந்து பாருங்க!"

மூட்டை திறந்த வாயை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லுக்கும் அவள் சாட்சிக்கு வந்ததில்லை. 'உம்' என்பாள், வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இப்போது வந்தாள், அதுவும் அவருக்கே நிச்சயமில்லாத ஒன்றுக்கு. அவர் மானம் போவது புதிதல்ல. போய்ப் போய் வழி தெரிந்த மானம் அது. ஆனால் இப்போது பந்தயத்தில் நின்றது அவள் வார்த்தை. பத்துப் பேர் முன்னால் அவள் தலை குனிந்துவிடக் கூடாது. அந்தக் கவலையில் அன்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சகலை விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டைனோவில் சந்திப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

டைனோ இருந்தது ஊர்க்கோடியில், ஒரு தகரக் கொட்டகையில். தரையில் பதித்த இரண்டு பெரிய உருளைகள். வண்டியின் பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவார்கள். உருளை சுழலும் வேகத்தை வைத்து எவ்வளவு சக்தி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அதை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். எல்லாருக்கும் டைனோ அக்கா. ஒருத்தர் வண்டிக் கணக்கைப் பற்றி இன்னொருத்தரிடம் மூச்சுவிட மாட்டார் என்று அவருக்குப் பேர்.

ஞாயிறன்று விடிந்ததும் விடியாததுமாக மூட்டை அங்கே போய் நின்றார்.

"அக்கா, ஒரு உதவி. பதினோரு மணிக்கு எங்காளுங்க வருவாங்க. அதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை பார்த்துடலாம்."

"பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைப் பார்க்கணுமாக்கும்?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன். ஆனா நான் காலையில வந்தது யாருக்கும் தெரியக்கூடாது. யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

"நீங்களே கேட்டாலுமா?"

"ஆமாக்கா. என் வாய் மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அக்கா தலையசைத்தார். மூட்டையின் சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தி இருந்தது. அறுநூறுக்குக் குறைந்தால் சூப்பர்சார்ஜர் பெல்ட்டை யாருக்கும் தெரியாமல் அறுத்துவிட்டு, பதினோரு மணிக்கு 'ஐயையோ, வழியிலயே அறுந்துபோச்சே' என்று தலையில் கைவைத்துக்கொள்வது என்று திட்டம். இதையெல்லாம் வகையாக யோசித்து வைத்திருந்தார்.

அக்கா காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். எஞ்சின் முதலில் முனகியது, பிறகு விசிலடித்தது, பிறகு அலறிய அலறலில் கூரைத் தகரமெல்லாம் தடதடத்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மூட்டை கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் அடங்கியபிறகுதான் திறந்து திரையைப் பார்த்தார். அறுநூற்றுப் பதிமூன்று.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடப்பாவி, உண்மையாகவே இருக்கிறதே! தன் வாயிலிருந்து இவ்வளவு நாளாக உண்மை வந்துகொண்டிருந்ததை இன்றுதான் தெரிந்துகொண்டார். சந்தோஷத்தில் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதைப் பார்த்து ரசித்துவிட்டு இன்னும் ஒன்று.

"போதும் சார், சூடு ஏறுது. பிரிண்ட் எடுக்கவா?" என்றார் அக்கா.

"வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சிடுங்க. அவங்க கண்ணு முன்னாடி புதுசா வரட்டும். அதுல இருக்கிற ருசியே தனி!"

"அப்ப பானெட்டைத் திறந்து வெச்சு, பெரிய ஃபேனைப் போட்டு ஆற விடுங்க. வெயில் வேற கொளுத்தப் போகுது."

பானெட்டைத் திறந்து வைத்தால்? சகலை சீக்கிரம் வந்து தொலைத்தால், திருட்டுத்தனமாகப் பரீட்சை பார்த்தது தெரிந்துவிடாதா? மூட்டை வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினார். நிழல் ஒரு துளி இல்லை. பானெட்டை இறுக மூடி, தானும் சீட்டில் குனிந்து பதுங்கிக்கொண்டார். ஏசியின் வெளி யூனிட்டை வெயில் படுகிற சுவரில் மாட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் 'உங்களுக்கு அறிவிருக்கா?' என்று நேருக்கு நேர் கேட்கிற ஆள் இவர்!

அந்த வருசத்து வெயில் அப்படிப்பட்டது. பதினோரு மணிக்குள் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. சகலை வந்தார், தங்கை வந்தாள், தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். மனைவி நல்ல உடுப்பு உடுத்தி, குடையோடு முன்வரிசையில் நின்றாள். மூட்டை பின்பக்கமாகவே ரோட்டைச் சுற்றிவந்து, அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல ஒரு கொட்டாவியோடு வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பட்டைகளைக் கட்டினார்கள். எஞ்சின் அலறியது. திரையில் கோடு ஏறியது, ஏறியது, ஏதோ நினைத்துக்கொண்டது போலப் படுத்துவிட்டது. ஐந்நூற்று நாற்பத்தொன்று.

"சூடு" என்றார் அக்கா. சூப்பர்சார்ஜர் அமுக்குகிற காற்று எப்படியும் சூடாகும். அதோடு வெயிலும் சேர்ந்தால், தான் வெந்து போகாமலிருக்க எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இது மூட்டைக்குத் தெரியாததா? தெரிந்தும், "இன்னொரு தடவை!" என்று கத்தினார். ஐந்நூற்று இருபத்தெட்டு. பதற்றத்தில் இன்னொன்று. அது அதற்கும் கீழே.

"அண்ணே, போதும்ணே. இப்படியே ஓட்டினா சைக்கிளுக்கு வந்துடும்" என்றார் சகலை.

கொட்டகை கொல்லென்று சிரித்தது. மூட்டை மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. குடைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இவருக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"காலையில அறுநூத்திப் பதிமூணு வந்துச்சுய்யா!"

"எந்தக் காலையில?"

"இன்னைக்குத்தான்! இதே உருளைல! வேணும்னா அக்காவைக் கேளு!"

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா காதுக் கவசத்தை நிதானமாகக் கழுத்துக்கு இறக்கினார். "காலையிலயா? இவர் காலையில வரவே இல்லையே."

சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டது.

"அக்கா! நான்தான் கேக்குறேன், சொல்லுங்கக்கா!"

"நீங்களே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"இப்ப சொல்லலாம்! சொல்லித் தொலைங்க!"

"சரி. வந்தார். அறுநூத்திப் பதிமூணு" என்றார் அக்கா, ரயில் நேரத்தை அறிவிப்பவர் போல.

சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். "என்ன அழகாச் சொல்லிக் குடுத்திருக்கார் பாருங்க! பாவம், அந்தம்மாவுக்கு இன்னும் மனப்பாடம் ஆகல!"

"கம்ப்யூட்டர்ல காட்டுங்கக்கா!"

"அழிக்கச் சொன்னீங்க, அழிச்சிட்டேன்."

"சிரிக்காதீங்க!" என்று கத்தினார் மூட்டை. கத்திய கத்தில் குரல் உடைந்தது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "எல்லாரும் வாயை மூடுங்க! உண்மைய்யா! சத்தியமா உண்மை!"

எல்லாரும் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். சத்தியம் வேறயா, அதுவும் மூட்டை வாயால்!

கூட்டம் கலைந்தது. "அண்ணி, எங்க கார்ல வாங்க, ஏசி இருக்கு" என்று மூட்டையின் மனைவியைக் கூப்பிட்டார் சகலை.

"வேண்டாம் தம்பி" என்றாள். குடையை மடக்கிக்கொண்டு, அடுப்பாகக் கொதித்த பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் பாதி வழி வந்தாயிற்று. ஜன்னல் வழியாக அனல் அடித்தது.

"அறுநூத்திப் பதிமூணா?" என்றாள் திடீரென்று.

"விடு."

"சும்மா சொல்லுங்க."

"சொன்னா மட்டும்? நீயும் சிரிக்கப் போற."

"நான் நம்புறேன்."

"பரிதாபப்பட்டெல்லாம் நம்ப வேண்டாம்."

"பரிதாபமா, உங்க மேலயா? ஏங்க, பொய் சொல்லி எத்தனை தடவை மாட்டியிருக்கீங்க! மாட்டினப்பல்லாம் என்ன பண்ணுவீங்க? பிடிச்சவனோட சேர்ந்து நீங்களும் சிரிப்பீங்க. அவனைவிட ஜாஸ்தியாவே சிரிப்பீங்க. கோவப்பட்டு நான் பார்த்ததே இல்ல. இன்னைக்குத் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சீங்க. பொய்க்கு யாராவது இப்படிக் கோவப்படுவாங்களா?"

மூட்டைக்கு ரோடு கலங்கலாகத் தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினார். ஊரே சிரித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இவள் நம்பிவிட்டாள், போதும். மனசு நிறைந்துபோனது அவருக்கு.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

"ஆமா, போன வருசம் என் தங்கச்சி வீட்டுல ஒரு ஏசி மாட்டினீங்களே. புத்தம் புதுசு, இப்பத்தான் பெட்டியைப் பிரிச்சேன்னு."

"ஆமா, அதுக்கென்ன?"

"அதைப் பழசு மாதிரி இருக்குன்னு அவ புருஷன் சொன்னப்ப, நீங்க என்ன பண்ணீங்க?"

மூட்டைக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபப்பட வேண்டும், உடனே கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. புருவத்தை நெரித்தார். பல்லைக் கடித்தார். கொட்டகையில் பட்ட அவமானத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. உதட்டோரம் துடித்தது, கன்னம் உப்பியது, புர்ரென்று வெடித்துவிட்டது சிரிப்பு. ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார்.

"வண்டிய நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தினார்.

"திருப்புங்க, தங்கச்சி வீட்டுக்கு."

"இப்பவா? இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான். பாவம், அந்த ஏசிக்குக் கீழதான் உக்காந்திருப்பாங்க."

மூட்டை வண்டியைத் திருப்பினார். சிரிப்பு அடங்கவேயில்லை. பயந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அவளும் குடைப்பிடியைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.