குடும்ப டொக்டருக்கு ஓர் இடம்

குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று, கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட் செத்தவீடாகிவிட்டது. அம்மாதான் முதலில் வாய் திறந்தா.

"இருதயம் இல்லையோ?"

"இல்லை."

"கண்? கண்ணெண்டாலும் பரவாயில்லை."

அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "தடிமன் காய்ச்சலுக்கு மருந்து குடுக்க இன்னும் படிக்க வேணுமோ?" என்றார்.

அப்போது எனக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன ஸ்பெஷலிஸ்ட் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, அம்மா தொலைபேசியில் கொஞ்சமும் தயங்காமல், "எல்லா நோய் வருத்தத்துக்கும்" என்றா. அந்தப் பக்கம் பெரும் திருப்தி.

பயிற்சிக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கொள்ளுப்பிட்டியில் ஒரு கிளினிக். மற்றது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய டிஸ்பென்சரி. போய்ப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லியிருந்தார்கள். அப்பா பார்க்காமலே தெரிவுசெய்துவிட்டார்.

"கொள்ளுப்பிட்டிக்கு செக்பொயின்ற் குறைவு. கொட்டாஞ்சேனை எண்டால் கோட்டையைத் தாண்டவேணும்."

யுத்த காலத்தில் மருத்துவக் கல்வியின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இருந்ததாக எனக்கும் தெரியவில்லை. முதலில் கொள்ளுப்பிட்டிக்கே போனேன்.

அங்கே ஏசி குளிரில் சுகதேகிகளுக்கும் இருமல் வந்தது. டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார். வயதான ஒருவர், "மகன் வெளிநாடு போனதில இருந்து எனக்கு நித்திரை..." என்று தொடங்கினார். அவர் வசனத்தை முடிப்பதற்குள் தலைக்கு ஸ்கான் எழுதியாயிற்று.

அவர் போனபின், "வீட்டு நிலைமையளைப் பற்றி விசாரிக்கிறதில்லையோ, சேர்?" என்று கேட்டேன்.

"விசாரிச்சால் சொல்லிப்போடுவினம்" என்றார்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். கோட்டைக்குக் கிட்ட சோதனைக்காக எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் என்ன தொழில் என்று சிங்களத்தில் கேட்டான். குடும்ப டொக்டர் என்று சொல்ல நினைத்து, "பவுலே தொஸ்தர" என்றேன். சிங்களத்தில் குடும்பமும் 'பவுல', பெண்சாதியும் 'பவுல'.

"காகே பவுலத?" என்றான். யாருடைய பெண்சாதி?

ஒருவருடைய பெண்சாதியும் இல்லை, கனடாவில் பேச்சு நடக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. காய்ச்சலில் இருந்து கவலை வரைக்கும் பார்க்கிற டொக்டர் என்று விளங்கப்படுத்தினேன். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, தனக்கு நெஞ்செரிவு என்றும், மனைவி பிள்ளைப்பேற்றுக்குக் கிட்ட இருக்கிறாள், லீவு தரமாட்டார்களாம் என்றும் தொடங்கினான். வரிசை வெயிலில் நின்றது. கொண்டக்டர் பொறுமையிழந்து, "மிஸ், கெதியா ஒரு மருந்தைச் சொல்லி விடுங்கோ!" என்று கத்தினார். சொன்னேன். மிச்சப் பேரைச் சோதிக்காமலே பஸ்ஸை விட்டான்.

டிஸ்பென்சரி டொக்டர் ஒரு முஸ்லிம் அம்மா. நான் யார் என்று சொல்லி முடிக்குமுன், "வாங்க, இவங்கட பிரஷரைப் பாருங்க" என்று கதிரையைத் தள்ளிவிட்டார்.

முன்னால் இருந்தவ பக்கத்து லொட்ஜில் தங்கி, வெளிநாட்டில் இருக்கும் மகன் எடுப்பிக்கும் விசாவுக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்கிறதாம்; வருத்தத்துக்கு மருந்தெடுக்கிறா என்று டொக்டரின் கடிதம் காட்டினால் விடுவார்களாம்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை. ஆனா இஞ்ச நிக்கிறதுக்கு ஒரு வருத்தம் வேணும்."

அளந்தேன். பொய் எழுதத் தேவையில்லாத அளவுக்கு ஏறியிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்பாடா!" அவவின் முகம் மலர்ந்தது.

"குறைக்க மருந்து தரட்டோ?"

"ஐயோ, இப்ப வேண்டாம். விசா வரட்டும், பிறகு குறைப்பம்."

டிஸ்பென்சரி டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மருந்துக் குளிசை போட்டாலும் பிரஷர் வருத்தம் வருத்தம்தான், பொலிசுக்கு அது போதும் என்று அந்த அம்மாவை நம்பவைக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. ஸ்கான் எதுவும் எழுதவில்லை. அங்கேயே பயிற்சிக்குச் சேருவதாக டிஸ்பென்சரி டொக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.