நீலச் சாயத்தின் மேல் போட்ட பழி

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நீலக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடம் சாயத்தில் புழங்கியதில் நகக்கண்ணெல்லாம் நீலம். மெழுகில் பதித்த சதைத் துணுக்கை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரம்மாவின் மேசையில் வைப்பாள். நோய் என்னவென்று சொல்வது டாக்டரம்மா பாடு. ஆனால் இத்தனை வருடம் பார்த்த கண் சும்மா இருக்குமா?

அன்று வந்த மெழுகுக் கட்டியில் இருந்தது அவள் தம்பியின் கல்லீரல் துணுக்கு. அதில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அந்த எண்ணை முந்தாநாள் அவனுடைய படிவத்தில் பார்த்திருந்தாள். சொந்தக்காரர்களுடையது வந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. அவள் வாயைத் திறக்கவில்லை. தன் கையைத் தவிர வேறு கையை நம்பாத திமிர், வேறென்ன.

சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கொலாஜன் என்கிற நார்ப்புரதம் இருக்கும் இடமெல்லாம் இந்தச் சாயத்தில் நீலமாகும். நல்ல கல்லீரலில் அது பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டித்தான் தெரியும். நுண்குழாய்களின் சுவர் சல்லடை மாதிரி. ரத்தமும் ஈரலும் அதன் வழியே தாராளமாகக் கொடுத்து வாங்கும். இங்கேயோ சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டு குழாய்க்குக் குழாய் நீலக்கோடு. நடுவே துணையில்லாமல் தனியே திரியும் புதுத் தமனிகள். புற்று தனக்கென்று வெட்டிக்கொண்ட வாய்க்கால்கள் அவை.

அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. அமிலத்தில் சரியாக அலசாவிட்டால் எல்லாமே நீலமாகத்தான் தெரியும், கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு அது. அவள் ஒருநாளும் செய்ததில்லை. இன்றைக்குச் செய்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

மறுபடி சீவினாள். நீலம். மூன்றாவது முறை சாயத்தில் வைக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தாள். நிறம் வெளிறியது, கோடுகள் அப்படியே இருந்தன. ஊசி போட்டு எடுத்த திசு நூலளவுதான். சீவச் சீவ அது தேய்ந்துகொண்டே வந்தது.

நான்காவது முறை சீவ உட்கார்ந்தபோது டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"நீலக்கா, நிறுத்துங்க! எந்த மருந்து கேக்கும்னு பாக்கவும் இதுலேர்ந்துதானே எடுக்கணும்?"

"சாயம் தப்பாப் போச்சு டாக்டர். என் கைதான் சொதப்பிடுச்சு."

டாக்டரம்மா மூன்று கண்ணாடிகளையும் நிதானமாகப் பார்த்தார். "முதல் தடவையே சரியாத்தான் போட்டிருக்கீங்க. இவ்வளவு சுத்தமா வேற யாருக்கும் வராது. யாரோடது இது?"

"என் தம்பியோடது."

டாக்டரம்மா மெழுகுக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மிச்சம் இருக்கறது போதாதுக்கா. இன்னொரு தடவை ஊசி போட்டுத்தான் எடுக்கணும். நீங்களே வரச் சொல்லிடுறீங்களா?"

அவள் போன் செய்தாள்.

"நாளைக்கு வாடா. மறுபடி குத்தி எடுக்கணுமாம்."

"ஏன்க்கா, எடுத்தது என்னாச்சு?"

"நான் வீணாக்கிட்டேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு சிரிப்பு. "அப்பாடா! நீதான் சொதப்பினியா? மறுபடின்னதும் நான் வேற என்னமோன்னு நெனச்சுப் பயந்தே போயிட்டேன்."

இரண்டு முறை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டான்.

"வெறும் வயித்தோட வா" என்றாள்.