கல்யாண வேட்டியோடு ஒரு வேலைப் பயணம்

எங்கள் திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான். அதே பழக்கத்தில், ஆப்பிரிக்காவில் ரிக் வேலை என்றதும் என் தம்பி பாஸ்போர்ட்டை ஓர் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டான்.

பயணத்துக்கு முன்தினம் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தார். "பொட்டியில பட்டு வேட்டி ஒண்ணு வெச்சுக்க சாமி. ஏர்போர்ட்டுல கேட்டா, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லிப்போடு" என்றார்.

"அப்ப இது வேலை விசா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"விசிட் விசாதானுங்க, அங்க போய் மாத்திக்கலாம். படிச்ச புள்ள ஊட்டுல இருந்தா இதான் தொந்தரவு."

"ரிக்குல இவன் கை சிக்குனா, கல்யாணத்துக்கு வந்தவனுக்கு எந்த முதலாளி பொறுப்புங்க?"

அதற்கு அவர் சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கப் போவதில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன், மறுத்தார். போலீசை அழைக்க நான் கைப்பேசியை எடுத்த பிறகே பாஸ்போர்ட்டை மேசையில் வீசிவிட்டுப் போனார்.

"என் பொழப்பக் கெடுத்துட்டயே!" என்று தம்பி கத்தினான். இன்றும் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொய் சொல்லி நுழைந்த நாட்டில் கேட்க நாதியின்றிக் கிடப்பதைவிட, என்மேல் கோபத்தோடு அவன் இங்கே இருப்பதே மேல்.

இப்போது எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும், பாஸ்போர்ட் கைமாறும் முன் நான் போய் நிற்கிறேன். எந்த விசா, முதலாளி யார், அரசு உரிமம் உண்டா என்று ஏஜெண்டின் முகத்துக்கு நேரே கேட்கிறேன். மழுப்புகிறவர்கள் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.