யாரு வாயி இது?

புத்தகத்தைத் திறந்ததும் யூனிஸ் கிரீன்வுட் கதையைப் படிப்பதில்லை. பென்சிலை எடுத்து, 'நான்' என்று வரும் இடங்களுக்கெல்லாம் அடியில் கோடு போடுகிறார். போட்டு முடித்த பிறகுதான் டீயில் வாய் வைப்பார். "சரி, யாரு வாயி இது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். பழைய பேய் மாளிகைக் கதைகள் என்றால் அவருக்கு உயிர். அவற்றில் ஒருவன் டைரி எழுதுவான். டைரிக்குள் ஒரு கடிதம் இருக்கும். கடிதத்துக்குள் ஒரு வேலைக்காரி வாய் திறப்பாள். சாகக் கிடந்த எஜமானன் சொன்னதை அவள் சொல்வாள். நாலு பேரும் 'நான்' என்றுதான் பேசுவார்கள். பேய் வருகிறதா இல்லையா என்பது யூனிஸுக்கு இரண்டாம்பட்சம். வந்ததாகச் சொல்வது யார் என்று தெரிந்தாக வேண்டும்.

வயது அறுபத்தொன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பத்து நாலு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறார். பக்கத்து வகுப்பறை என்னுடையது. இந்த விசாரணை வகுப்போடு நின்றால் பரவாயில்லை, வீட்டிலும் உண்டு. ஒருநாள் அவர் கணவர் கீத், "வெண்ணெயைக் குறைக்க வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க" என்றபடி வந்தார்.

"டாக்டர் சொன்னாரா?"

"அங்க இருந்தவங்க சொன்னாங்க."

"அங்க இருந்தவங்கன்னா?"

"பக்கத்து நாற்காலில ஒருத்தர் காத்துக்கிட்டிருந்தாரு. விவரமான ஆளு."

வெண்ணெய் அன்றே மேல் அலமாரிக்குப் போனது. கீத்துக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது.

ஜூன் மாதம் வந்தால் பதினாறு வயதுப் பிள்ளைகளின் பொதுத்தேர்வு விடைகளை நானும் அவரும் திருத்துவோம். எல்லாம் கணினித் திரையில்தான். என் வீட்டில் இணையம் நொண்டும் என்பதால் யூனிஸின் சமையலறை மேஜைதான் எனக்கும். ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது விதி. நடுவில் ஒரு ஜெரேனியப் பூந்தொட்டியை வைத்து விதியைக் காப்பாற்றி வருகிறோம்.

இந்த வருடம் முதல் கேள்விக்கு ஒரு பழைய மாளிகைக் கதையிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார்கள். கதையைச் சொல்வது யார்? ஒரு மதிப்பெண். பகுதிக்கு மேலே, 'புயலில் சிக்கிய வழிப்போக்கன் ஒரு மாளிகையில் ஒதுங்குகிறான்' என்று தேர்வு வாரியம் ஒரு வரி சேர்த்திருந்தது. விடைக்குறிப்பிலும் வழிப்போக்கன்தான். ஆனால் ஒன்பதாவது வரியில் அந்த 'நான்', முப்பது வருடமாக இந்த வீட்டுச் சாவிக்கொத்து தன் இடுப்பில் இருப்பதாகச் சொல்கிறது. பன்னிரண்டாவது வரியில், "நனைந்து வந்து நின்றீர்களே ஐயா, அப்போதே சொல்லியிருக்க வேண்டும்" என்கிறது. அன்று மாலை வந்தவன் இடுப்பில் முப்பது வருடச் சாவி எப்படி வரும்? பேசுவது மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் சாவிக்காரி. வழிப்போக்கன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கேள்வி தயாரித்தவர்கள் வேண்டிய பக்கத்தைக் கத்தரித்து எடுத்தார்களே தவிர, முன் பக்கத்தைப் புரட்டவில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் மேலே இருந்த வரியை நம்பி வழிப்போக்கன் என்று எழுதியிருந்தார்கள். நிதானமாகப் படித்த சிலர் சாவிக்காரி என்றார்கள். யூனிஸ் இரு தரப்புக்கும் மதிப்பெண் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் திரை பூட்டிக்கொண்டது. வாரியம் முன்கூட்டியே மதிப்பெண் போட்டு வைத்த விடைகளை நடுநடுவே கலந்து அனுப்பும். எது என்று நமக்குத் தெரியாது. அதில் நாம் போடும் மதிப்பெண் வாரியத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். அப்படி வந்த ஒரு 'சாவிக்காரி' விடைக்கு வாரியம் பூஜ்யம் வைத்திருந்தது. பொதுத்தேர்வு திருத்த ஆரம்பித்த பத்தொன்பது வருடத்தில் யூனிஸுக்கு இது முதல் தடவை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

திருத்தும் குழுவின் தலைவர் காரத் ப்ராஸர் போனில் வந்தார். நல்ல மனிதர், தலைவராக இருப்பதுதான் அவர் கஷ்டம்.

"யூனிஸ் கண்ணு, அந்த ஒண்ணுக்குப் பூஜ்யம்னு ஒத்துக்குங்க. திரை தொறந்துரும்."

"ஒம்பதாவது வரி படிச்சியா?"

"படிச்சேன். நீங்க சொல்றது சரிதான். ஆனா வாரியம் வழிப்போக்கன்னு சொல்லிருச்சே."

"வாரியத்துல யாரு?"

"மெயில் வந்துச்சு."

"மெயில் தானா வராது. யாரு வாயி அது?"

"கீழ 'மதிப்பீட்டுக் குழு'ன்னு போட்டிருக்கு."

"அதுக்கு வாயே கிடையாதுப்பா."

ஒரு மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆங்கிலத்தில் தேறுவதற்கு வேண்டிய நாலாம் தரம் எடுக்காத பிள்ளை, தச்சுவேலை படிக்கப் போனாலும், பதினெட்டு வயது வரை இந்தப் பாடத்தை மறுபடி மறுபடி சுமக்க வேண்டும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒற்றை மதிப்பெண்ணில் தொங்குகிற பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். சரியாகப் படித்ததற்காக ஒரு பிள்ளை தோற்பதை நினைக்கவே யூனிஸுக்கு ஆத்திரமாக வந்தது.

"நாலு மணிக்குள்ள ஒத்துக்கலேன்னா உங்க தாளெல்லாம் வேற ஆளுக்குப் போயிரும். அடுத்த வருஷம் கூப்பிடவும் மாட்டாங்க" என்றார் காரத். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆட்சேபணைப் படிவம் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் எழுதினா கோப்புல தூங்கும். திருத்துறவங்க ரெண்டு பேரு தங்க பேரைப் போட்டு எழுதினா, கேள்வியை அவங்க திரும்பப் பாத்தே ஆகணும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"உன் பேரையும் போடேன்."

"எனக்கு வீட்டுக் கடன் இருக்கு, யூனிஸ்."

போன் ஓய்ந்தது. யூனிஸ் ஜெரேனியத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரூத், உன் திரை ஏன் பூட்டல?"

ஒன்பதாவது வரி எனக்கும் தெரியும். முதல் நாளே தெரியும். அதுவரை இருபத்திரண்டு சாவிக்காரிகளுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன்.

"குறிப்புல அப்படித்தானே இருக்கு..." என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் திட்டவில்லை. படிவத்தைத் திறந்து, இரண்டு விரல்களால் மெதுவாகத் தட்டி, ஒன்பதாவது வரியையும் பன்னிரண்டாவது வரியையும் எழுதினார். அடியில், 'இதைச் சொல்வது' என்று கேட்ட கட்டத்தில் 'யூனிஸ் கிரீன்வுட்' என்று தட்டினார். அதற்குப் பக்கத்தில் 'மற்றும்' என்று தட்டி, மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.